நான் கெடுத்த சுவர்

ஏற்காட்டில் ஒரு பழைய காப்பித் தோட்டத்துப் பங்களாவின் வடக்குச் சுவரை, சிவில் படிப்பை முடித்து வேலைக்கு வந்த மூன்றாம் ஆண்டில், நல்ல எண்ணத்தோடும் முழு நம்பிக்கையோடும் நான் கெடுத்தேன். பழைய கட்டடங்கள் இடிக்கப்படுவதைப் பற்றி நம்மிடம் எழுதப்படுகிற அளவுக்கு, அவை பழுதுபார்க்கப்பட்டே சாவதைப் பற்றி எழுதப்படுவதில்லை என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இடிக்க வருபவரை அடையாளம் காண்பது எளிது, கடப்பாரையோடு வருவார். பழுதுபார்க்க வருபவர் சிமெண்ட் மூட்டையோடு வந்து, வீட்டுக்காரம்மா கொடுக்கும் காப்பியைக் குடித்துவிட்டு, கட்டடத்தின் மேல் உண்மையான பிரியத்தோடு வேலையைத் தொடங்குவார். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

அந்தப் பங்களா ஒண்டிக்கடையிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஒரு சரிவில், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே இருக்கிறது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பியையும் பேரிக்காய் முதலான பழ மரங்களையும் நட்டுப் பார்த்ததற்குப் பிறகு, தோட்டக்காரர்களின் வீடுகள் அங்கே ஒவ்வொன்றாக எழுந்தன. காக்பர்னுடைய கிரேஞ்ச் பங்களாவைக் கோட்டை போன்ற அதன் தோற்றத்துக்காக இன்றும் சொல்வார்கள். நான் கைவைத்த வீட்டுக்கு அத்தகைய பெருமை ஏதும் கிடையாது. நாற்புறமும் தாழ்வாரம், இரண்டடிக்குச் சற்றுக் குறைந்த கனத்தில் செங்கல் சுவர், மங்களூர் ஓடு, கூடத்தில் ஒரு கணப்பு, அதற்கொரு புகைபோக்கி. ஓடு ஒன்றை இறக்கித் திருப்பிப் பார்த்தால், சுட்ட மண்ணில் அழுந்திய ஆலையின் பெயர் இன்னும் விரலுக்குத் தட்டுப்படும். பாசல் மிஷன் என்ற கிறித்தவ மிஷனரி அமைப்பு மங்களூரில் முதல் ஓட்டு ஆலையைத் தொடங்கியது 1865-ல் என்பதால் கூரை அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. இந்தியாவில் சிமெண்ட் உற்பத்தி 1904-ல் சென்னையில் சிறிய அளவில் முயன்று பார்க்கப்பட்டு, 1914-ல் போர்பந்தரில்தான் நிலைகொண்டது. சுவரில் எங்கே சுரண்டினாலும் சுண்ணாம்பே வருகிறது. இந்த இரண்டுக்கும் இடையில்தான் வீட்டின் வயதைத் தேட வேண்டும். இப்படிக் கட்டடத்தையே சாட்சியாக நிறுத்தி விசாரிக்கிற பழக்கம் எனக்குப் பின்னால் வந்தது. அன்றைக்கு ஓட்டின் முதுகைத் திருப்பிப் பார்க்கவேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

வடக்குச் சுவரில் முழங்கால் உயரத்துக்குக் காரை உப்பி உதிர்ந்துகொண்டிருந்தது. ஐப்பசி தொடங்கித் தை முடிய வெயில் ஏறக்குறையப் படாத பக்கம் அது. “அடிக்கடி வெள்ளையடிச்சு முடியல, நிரந்தரமா ஒரு வழி பண்ணிக் குடும்மா” என்று வீட்டுக்காரம்மா கேட்டார். நிரந்தரம் என்ற சொல்லைக் கேட்டால் கட்டடப் பொறியாளருக்குச் சிமெண்ட் என்று பதில் சொல்வதற்குத்தான் நான்கு ஆண்டுகள் பாடம் நடத்துகிறார்கள். பழைய பூச்சை முழுவதுமாகக் கொத்தி எடுத்துவிட்டு, ஒரு பங்கு சிமெண்ட்டுக்கு நான்கு பங்கு மணல் என்ற கலவையில், நீர்க்கசிவைத் தடுக்கும் ரசாயனத்தையும் சேர்த்து, இருபது மில்லிமீட்டர் கனத்தில் பூசி, மேலே வெளிச்சுவர் பெயிண்டும் இரண்டு கை அடித்தோம். இரண்டு வாரத்தில் வேலை முடிந்தது. ரசமட்டம் வைத்துப் பார்த்தால் குமிழி நடுவிலேயே நின்றது. புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டேன். அடுத்த வேலை கேட்டுப் போகிற இடங்களில் அதைக் காட்டவும் செய்தேன்.

ஏழு மழைக்காலம் கழித்து அழைப்பு வந்தது. பார்வைக்குச் சுவர் சிதைந்திருக்கவில்லை. இடுப்பு உயரத்தில் பெயிண்ட் கொப்பளித்திருந்தது, அவ்வளவுதான். கரணையின் பிடியால் தட்டினேன். கெட்டிச் சுவர் கொடுக்கும் ஓசைக்குப் பதிலாக வெறும் பானையைத் தட்டியது போன்ற ஓசை வந்தது. ஓர் ஓரத்தில் நெம்பியதும், ஒரு கதவின் அகலத்துக்குச் சிமெண்ட் பூச்சு அப்படியே பலகையாகக் கழன்று வந்தது. உள்ளே செங்கல்லின் முகம் இல்லை. கேழ்வரகு மாவைப் போலச் செம்பொடி கொட்டியது. இரண்டு கைகளாலும் அள்ள முடிந்தது. அந்தப் பொடியின் மேல் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. உடன் வந்திருந்த கொத்தனார் அதை நுனிவிரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, “உப்புங்க” என்றார். பழைய காரை முழங்காலோடு நிறுத்தி வைத்திருந்த ஈரத்தை நான் நெஞ்சு உயரத்துக்கு ஏற்றியிருந்தேன். சன்னலின் கீழ்ச்சட்டம், சுவரோடு ஒட்டியிருந்த முனையில், பேனாக்கத்தி இறங்கும் அளவுக்கு உளுத்துப்போயிருந்தது.

நடந்தது இதுதான். அடித்தளத்தில் ஈரத்தடுப்பு ஏதும் இல்லாத பழைய சுவர், விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல மண்ணிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டேதான் இருக்கும். சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளைகள் வழியே அந்த ஈரம் அவ்வப்போது வெளியேறிக் காற்றோடு போய்விடுவதால், இழுத்ததும் விட்டதும் ஏறத்தாழச் சமமாகி, நூறாண்டுக்கு மேலாக ஈரம் முழங்காலைத் தாண்டவில்லை. தண்ணீர் தன்னோடு கொண்டுவந்த உப்பு பூச்சின் மேற்பரப்பில் படிகமாகி, பூச்சை உதிர்த்தது. அந்த உதிர்தல் நோயன்று. ஏழெட்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ள வேண்டிய பூச்சு, செங்கல்லுக்காகத் தன்னைக் கொடுத்துக்கொண்டிருந்தது. நான் வெளியேறும் வழியை அடைத்தேன். போக இடமில்லாத தண்ணீர் மேலே மேலே ஏறியது. உப்பு சிமெண்ட்டுக்குப் பின்னால், செங்கல்லின் உடம்புக்குள்ளேயே படிகமாகிப் பெருத்து, அதை உள்ளிருந்து நொறுக்கியது. சுவரைக் காட்டிலும் வலுவான பூச்சைச் சுவரின் மேல் பூசினால், இரண்டில் எது உடையும் என்பதற்குப் பெரிய கணக்குத் தேவையில்லை.

அதன் பிறகுதான் சுண்ணாம்பு தெரிந்த கையைத் தேடத் தொடங்கினேன். சேலத்தில் அன்னதானப்பட்டி முதல் அம்மாபேட்டை வரை விசாரித்ததில், தெரியும் என்றவர்கள் பலர், செய்து காட்டியவர்கள் எவரும் இல்லை. கடைசியில் சங்ககிரிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் கிடைத்தார். அவருடைய தகப்பனார் சுண்ணாம்புக் காளவாயில் கல் அடுக்கியவர். பேருந்தில் வந்து இறங்கிய பெரியவர், சுவரைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, நான் பூசியதில் இன்னும் கழலாமல் ஒட்டியிருந்த பகுதியைத் தடவிப் பார்த்தார்.

“யாரு அம்மணி பூசுனது?”

“நான்தான் ஐயா.”

“நல்லா மட்டமாத்தான் பூசியிருக்கறீங்க. ஆனா செவுத்துக்கு ரெயின்கோட்டு மாட்டி வுட்டுட்டீங்களே. வெளிய இருந்து நனையாது, சரி. உள்ள வேர்த்து ஊத்துதில்ல, அதுக்கு என்ன பண்ணுவீங்க?”

நான் மேலே எழுதிய பத்தி முழுவதையும் அவர் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சங்ககிரி வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல்தான் சிமெண்ட்டுக்கும் போகிறது, காளவாய்க்கும் போனது. கல்லை ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறி, கல்லின் எடை பாதியை நெருங்கும் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. தூய கல்லாக இருந்தால் நூறு கிலோவுக்கு 44 கிலோ போய்விடும். எஞ்சியிருப்பது கற்சுண்ணாம்பு. அதில் தண்ணீர் விட்டால் கொதித்துப் பொங்கி நீற்றுப்போகும். நீற்றுப்போன சுண்ணாம்பு சுவரில் ஏறிய பிறகு, காற்றிலிருந்து அதே கரியமில வாயுவை மெல்ல மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டு, மீண்டும் கல்லாகிறது. ஒரு நாளில் முடிகிற காரியமல்ல அது. கனமான சுவரின் நடுப்பகுதியில் ஆண்டுக்கணக்கில் நடந்துகொண்டிருக்கும். சிமெண்ட் அவசரக்காரர்களுக்கு உகந்தது என்று நான் சொன்னால் வசையாகத் தோன்றும். இருபத்தெட்டு நாளில் வலிமை வந்தாக வேண்டிய பாலத்துக்கும் அடுக்குமாடிக்கும் அது இல்லாமல் முடியாது என்பதை நானே நாள்தோறும் பார்க்கிறேன். பழைய சுவருக்கு அது அந்நியம் என்பது மட்டுமே என் பேச்சு.

சேலத்துக்காரர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் நேர்வதுண்டு. ஏற்காடு போகிற வழியில் வெள்ளை வெளேரென்று தெரியும் கரடுகளைப் பார்த்துவிட்டு, சுண்ணாம்பு இங்கேயே கிடைக்குமே என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. வெள்ளைக்காரரும் அதே நிறத்தில் ஏமாந்துதான் அவற்றைச் சுண்ணக் குன்றுகள் என்று பெயரிட்டார்கள். அது மாக்னசைட், உருக்காலை உலைகளுக்குள் அடுக்கும் செங்கல்லுக்குப் போகிற வெள்ளைக்கல். பூச்சு வேலைக்குப் பெரியவர் கேட்டது இரண்டு வகை: அடிப்பூச்சுக்குச் சுக்கான் கல்லைச் சுட்டெடுத்த சுண்ணாம்பு, மேல்பூச்சுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு. சுக்கான் கல்லில் இயற்கையாகவே களிமண் கலந்திருப்பதால் அது ஈரத்திலும் இறுகும் என்பது ஆய்வுக்கூடச் சொல். “சுக்கான் முரட்டுப் பய, தண்ணிக்குப் பயப்படமாட்டான்” என்பது அவருடைய சொல்.

பங்களாவின் பின்புறம் ஆறடிக்கு நான்கடியில் குழி வெட்டி, செங்கல் அடுக்கி, கற்சுண்ணாம்பைக் கொட்டித் தண்ணீர் விட்டோம். குழி உறுமியது என்றுதான் சொல்ல வேண்டும். நீராவி தாழ்வாரம் வரை வந்தது. ஆறியதும் சல்லடையில் வடித்து, சுண்ணாம்பு வெளியே தெரியாதபடி மேலே ஒரு சாண் தண்ணீர் நிறுத்தி, மூன்று மாதம் அப்படியே விடச் சொன்னார். இடைப்பட்ட காலத்தில் கடுக்காய் வந்தது. அது சேர்வராயன், கல்வராயன் மலைகளில் விளைவது என்பதால் அதைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. வெல்லம் ஓமலூரிலிருந்து வந்தது. கொட்டையோடு இடித்த கடுக்காயையும் வெல்லத்தையும் ஒரு பிளாஸ்டிக் பேரலில் ஊறப்போட்டு, நாள்தோறும் ஒரு கம்பால் கிண்டினோம். பத்தாம் நாள் தண்ணீர் கருந்தேயிலை நிறத்துக்கு வந்து, புளித்த கள்ளும் தோல் பதனிடும் இடமும் சேர்ந்தது போன்ற ஒரு வாடை அடித்தது. தேனீக்கள் மொய்க்கத் தொடங்கியதும், “இப்ப ஆச்சுங்க” என்றார். கடுக்காயின் துவர்ப்பும் வெல்லத்தின் சர்க்கரையும் கலவைக்குக் குறைந்த தண்ணீரிலேயே குழைவைக் கொடுக்கின்றன. தண்ணீர் குறைந்தால் காயும்போது வெடிப்பும் குறையும். ஆய்வுக்கூடங்களில் இதை இப்போது அளந்து எழுதுகிறார்கள். அவர் கரணையின் மேல் ஒரு உருண்டை வைத்து, கரணையைத் தலைகீழாகத் திருப்பினார். உருண்டை விழவில்லை. ஓர் உதறு உதறினார். சுத்தமாகக் கழன்று விழுந்தது, இரும்பில் ஒரு துணுக்குக்கூட ஒட்டவில்லை. அந்தப் பதத்தை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. கலவை விகிதத்தை மட்டும் எண்ணில் எழுதிக் கொடுத்தால் அந்த உதறல் கிடைக்காது.

சுவரில் மிச்சமிருந்த சிமெண்ட்டை எடுப்பதே பூசுவதைவிட இருமடங்கு காலம் பிடித்தது. மெஷின் வைத்து உடைத்தால் செங்கல்லும் கூட வரும் என்பதால், சிற்றுளியும் மரச் சுத்தியலும்தான். பிறகு அந்தச் சுவரைக் கோடைக்காலம் முழுக்க வெற்றுடம்பாகக் காயவிட்டோம். காகிதக் கூழையும் களிமண்ணையும் குழைத்து அப்பி, காய்ந்ததும் உரித்தெடுத்தால் உப்பும் அதோடு வரும். அதை நான்கு முறை செய்தோம். மாவாகிப்போன செங்கற்களை ஒரே வரிசையாக எடுக்காமல், ஒன்று விட்டு ஒன்றாக எடுத்து மாற்றினோம். கடைசியில்தான் மூன்று கையாகச் சுண்ணாம்புப் பூச்சு. ஒவ்வொரு கைக்கும் இடையில் நனைந்த கோணிச் சாக்கைத் தொங்கவிட்டுப் பதினைந்து நாள். பூசுவதற்கு முன், வெளியூர்ப் பழைய செங்கல் வைத்த இடத்தில் நிறம் சற்று வேறுபட்டு நின்றது. வீட்டுக்காரம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும் முதலில் உறுத்தியது. ஆனால் எது பழையது, எது நாங்கள் வைத்தது என்று பின்னால் வருபவருக்குத் தெரிய வேண்டும் என்பது பழைய கட்டடங்களைக் காப்பதற்கான 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் வகுத்த விதி. ஊகம் தொடங்குகிற இடத்தில் மீட்டெடுப்பு நின்றுவிட வேண்டும் என்றும் அது சொல்கிறது. முழுக்க மூடி மறைத்துப் புதுசுபோல் ஆக்கியது நான் முதலில் செய்த வேலை.

இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்ட கண்ணோடு நகரத்துக்குள் திரும்பி வந்தால், பார்ப்பதெல்லாம் வேதனையாக இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டையின் பழைய வணிகர் வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் தளம் இன்னும் சிலவற்றில் தாக்குப்பிடித்து நிற்கிறது. தேக்கு உத்திரங்களின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துவாக்கில், கோணல் வரிசையாகச் சுண்ணாம்பில் கட்டி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைக் கொட்டி, சித்தாள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கடுக்காய்த் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்கி, மேலே தட்டோடு பதித்த தளம் அது. எங்கோ ஒரு தட்டோடு விரிந்து சொட்டத் தொடங்கும். மாற்ற வேண்டியது அந்த ஓடு ஒன்றுதான். அதற்குப் பதிலாக மேலே முழுவதும் மூன்று அங்குலம் சிமெண்ட் கான்கிரீட் போட்டு, அதன்மேல் வெள்ளை டைல்ஸும் ஒட்டுகிறார்கள். உத்திரங்கள் சுமக்க வேண்டியதைவிடக் கூடுதலான பாரத்தைச் சுமக்கத் தொடங்குகின்றன. உள்ளே சிக்கிய ஈரம் தேக்கின் முனைகளைத் தின்கிறது. பத்தாண்டில் உத்திரம் வளைந்ததும், “பழைய வீடுன்னா இப்படித்தான்” என்று இடித்துவிடுகிறார்கள். இப்படி வீட்டின் மேல் பழி போட்டு இடிப்பதையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அண்ணன் தம்பிகள் நால்வருக்கு ஒரு வீடு பாகமாகும்போது வேறு வழியில்லாமல் இடிபடுவதும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. திண்ணைத் தூண்களும் கதவு நிலைகளும் லாரியில் ஏறுகிற நாளில் வீட்டுப் பெரியவர்கள் தெருவில் நிற்பதில்லை, உள்ளேயே இருந்துகொள்வார்கள்.

கட்டடத்தை விட்டுவிட்டு அதன் முகத்தை மட்டும் காப்பது இன்னொரு வகை. டி.ஆர். சுந்தரம் 1935-ல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவில், ஏற்காடு சாலையில் இன்று கண்ணில் படுவது நுழைவாயில் வளைவு மட்டுமே. கலைஞரும் கண்ணதாசனும் வேலை பார்த்த வளாகம் அது. வளைவின் முன்னே நின்று படம் எடுத்துக்கொள்பவர்களைப் பார்க்கும்போது, உள்ளே படப்பிடிப்புத் தளம் எப்படி இருந்தது, அதன் கூரை எதில் தாங்கியது, வெளி ஓசையை எதைக் கொண்டு தடுத்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. அந்தத் தொழில்நுட்பத்தை வளைவு சொல்லாது. ஆனாலும் வளைவும் இல்லாமல் போயிருந்தால் அந்தக் கேள்வியே எவருக்கும் எழுந்திருக்காது என்பதால், அது நிற்பதைக் குறையாகச் சொல்ல மாட்டேன்.

கோயில்களின் சங்கதி வேறு. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி, குடமுழுக்கு என்கிற வழக்கம் உலகத்திலேயே நல்ல பராமரிப்பு முறைகளில் ஒன்று. கவனிப்பாரற்றுப் போவதற்கு அது இடம் கொடுப்பதில்லை. அந்த உற்சாகத்திலேயே அழிவும் நடந்திருக்கிறது. தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலில் ராமன் நிற்கும் தூணிலிருந்து பார்த்தால் வாலி தெரிவான், வாலி நிற்கும் தூணிலிருந்து பார்த்தால் ராமன் தெரியமாட்டான் என்று காட்டாத சேலத்துப் பள்ளிச் சுற்றுலா இருக்காது. அத்தகைய உளி வேலையின் மீது மணலை அதிவேகத்தில் பீய்ச்சி அழுக்கெடுப்பதை எண்ணிப் பாருங்கள். அழுக்கோடு கல்லின் மேல்தோலும், கல்வெட்டு எழுத்தின் விளிம்பும் சேர்ந்தே போகும். தமிழகத்தின் பல கோயில்களில் அப்படிப் போயிருக்கிறது. கருங்கல் தரையின் மேல் டைல்ஸ், சுவரோவியத்தின் மேல் வெள்ளை, சிற்பத்தின் மேல் ஆயில் பெயிண்ட் என்று அந்தப் பட்டியல் நீளும். 2017-ல் யுனெஸ்கோ குழு இங்கு வந்து கோயில்களைப் பார்த்து இத்தகைய வேலைகளைக் குறை கூறியது. 2021 ஜூன் 7-ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம், தானாக எடுத்துக்கொண்ட வழக்கில், கோயில்களையும் தொன்மைச் சின்னங்களையும் காப்பதற்கு 75 கட்டளைகளைப் பிறப்பித்தது.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. தொன்மைச் சின்னங்களுக்கான மத்தியச் சட்டம் 1958-ல் வந்தது, மாநிலச் சட்டம் 1966-ல். சங்ககிரிக் கோட்டையும் ஆத்தூர்க் கோட்டையும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால், 2010-ல் வந்த திருத்தத்தின்படி அவற்றைச் சுற்றி நூறு மீட்டருக்குள் புதிதாகக் கட்ட முடியாது. அதற்கப்பால் இருநூறு மீட்டருக்கு அனுமதி வேண்டும். நாடு முழுவதும் அந்தத் துறையின் பட்டியலில் இருப்பவை சுமார் 3,700 சின்னங்கள் மட்டுமே. கோட்டையும் குடைவரையும் அதில் உண்டு. செவ்வாய்ப்பேட்டை வீடும், அக்ரஹாரத்துத் திண்ணையும், மலையிலுள்ள தோட்டத்துப் பங்களாவும் அதில் கிடையாது. அந்த இடைவெளிக்காகத்தான் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-ல் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்ததோ 2024-ல். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் சேலத்தில் மட்டும் நான் அளந்து படம் எடுத்து வைத்திருந்த ஒன்பது வீடுகளில் ஆறு இப்போது இல்லை.

சட்டத்தைவிட என்னை அதிகம் தொல்லைப்படுத்துவது, கட்டடப் பொருள்களுக்கு அலுவலகங்கள் வைத்திருக்கும் விலைப்பட்டியல். ஒருமுறை ஒரு சிறிய பொதுக் கட்டடத்தின் பழுதுக்கு மதிப்பீடு தயாரித்து ஓர் அலுவலகத்தில் கொடுத்தேன். கடுக்காய் இத்தனை கிலோ, வெல்லம் இத்தனை கிலோ என்று இருந்ததைப் பார்த்தவர், “ஏம்மா, இது எஸ்டிமேட்டா, மளிகைக் கடைச் சீட்டா?” என்று கேட்டார். நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அவர்கள் கையிலிருந்த பட்டியலில் அந்தப் பொருள்களுக்கு விலை இல்லை, சிமெண்ட்டுக்கு இருந்தது. விலை இல்லாத பொருளுக்குக் கையெழுத்துப் போட அவரால் இயலாது. அந்தக் கட்டடத்துக்குச் சிமெண்ட்டே பூசப்பட்டது. தீய எண்ணம் எவருக்கும் இருக்கவில்லை. அரசால் முடியாது என்றும் சொல்லிவிட முடியாது. சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகால் 2012 ஜனவரியில் தீக்கிரையான பின், பொதுப்பணித் துறையே அதைச் சுண்ணாம்பும் தேக்கும் கொண்டு மீட்டெடுத்தது. பசுமைத் தீர்ப்பாயம் இப்போது அங்கேதான் நடக்கிறது. சென்னையில் முடிந்தது சேலத்துக்கு வந்து சேர ஒரு விலைப்பட்டியலும், அதைவிட முக்கியமாக, கரணையை உதறத் தெரிந்த நாலு கைகளும் வேண்டும். பெரியவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. அவருடைய இரண்டு மகன்களும் திருப்பூரில் இருக்கிறார்கள். நாள்கூலி கூடுதலாகக் கொடுக்கிறேன் என்று சொல்லி இரண்டு இளம் கொத்தனார்களை அவரோடு சேர்த்துவிட்டேன். ஒருவர் நான்கு மாதத்தில் போய்விட்டார், இன்னொருவர் நிலைத்திருக்கிறார்.

பழைய வீடு வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்கும்போது பெரிய வேலை எதையும் நான் முதலில் சொல்வதில்லை. ஆவணி பிறப்பதற்குள் கூரையின் தண்ணீர்ப் போக்கிகளில் சருகை எடுங்கள்; சுவர் இடுக்கில் அரசங்கன்று இரண்டு இலை விட்டிருக்கும்போதே வேரோடு பிடுங்குங்கள், நான்கடி வளர்ந்த பிறகு பிடுங்கினால் சுவரும் கூட வரும்; சுவரடியில் மண் மேடேறியிருந்தால் வெட்டிச் சரித்துவிடுங்கள். விரிசலைப் பார்த்து அஞ்சுகிறவர்களுக்கு, அதன் குறுக்கே ஒரு சிறு கண்ணாடித் துண்டை இரண்டு முனையிலும் சுண்ணாம்பு வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதியை எழுதிவைக்கச் சொல்வேன். ஓராண்டு கழித்துக் கண்ணாடி முழுதாக இருந்தால் அந்த விரிசல் பாட்டனார் காலத்திலேயே நகர்வதை நிறுத்திவிட்டது என்று பொருள். உடைந்திருந்தால்தான் எனக்கு வேலை. பலருக்கு இந்த அறிவுரை ஏமாற்றமாக இருக்கிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு சருகைப் பெருக்கச் சொல்கிறாள் என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார்.

ஏற்காட்டு வடக்குச் சுவரில் இப்போது மீண்டும் முழங்கால் அளவில் சில இடங்களில் காரை லேசாக உதிர்கிறது. முன்பானால் பதறியிருப்பேன். வீட்டுக்காரம்மாவின் மகள் அந்தப் பொடியைப் பெருக்கி வைத்து எனக்குப் படம் அனுப்பினார். செம்பொடி ஒரு துளியும் இல்லை, எல்லாம் வெள்ளை. செங்கல் உள்ளே முழுதாக இருக்கிறது. இந்த ஆண்டு மேற்குச் சுவரை எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. பழைய குழியிலேயே சித்திரை முதல் வாரத்தில் சுண்ணாம்பு நீற்றிப் போட்டாயிற்று. மழைக்கு முன் பூசி முடிக்க முடியாது என்றும், தை பிறந்தபின் தொடங்கலாம், சுண்ணாம்பு எத்தனை மாதம் ஊறினாலும் நல்லதுதான் என்றும் பெரியவர் சொல்லிவிட்டார். குழியில் தண்ணீர் வற்றினால் மேலே காற்றுப் பட்டுச் சுண்ணாம்பு தோல் கட்டிவிடும் என்று அவருக்குக் கவலை, நேற்று இரவும் சங்ககிரியிலிருந்து அலைபேசியில் அழைத்து, “ஒரு சாண் நிக்குதான்னு கைய வச்சுப் பாத்தீங்களா அம்மணி?” என்று கேட்டார். பார்க்கவில்லை. நாளைக் காலை முதல் பேருந்தில் மலைக்குப் போகிறேன்.